அலுமாரிக்கு மேலே இருப்பதை இறக்குவோம்: வீட்டில் சாமான் கழிக்கப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

பங்குனி பாதி கழிந்தால் மட்டக்களப்புப் பக்கம் இருக்கும் எங்கள் ஆரையம்பதி வீட்டில் தும்புத்தடியின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வருடப்பிறப்புக்கு வீடு கழுவ வேண்டும். பல வருடமாக நாங்கள் செய்தது இதுதான்: சாமானைத் தூக்குவோம், கீழே கூட்டுவோம், துடைப்போம், அதே சாமானை அதே இடத்தில் திருப்பி வைப்போம். அதற்குப் பெயர் துப்புரவு.

மூன்று வருடத்துக்கு முன்னர் அலுமாரிக்கு மேலே இருந்த அட்டைப் பெட்டி ஒன்றை இறக்கித் திறந்தேன். உள்ளே ஐஸ்கிறீம் பெட்டிகளின் மூடிகள். எண்ணிப் பார்த்தேன், இருபத்து மூன்று. பெட்டி ஒன்றுகூட இல்லை. அம்மாவிடம் காட்டினேன்.

"வெச்சிரு புள்ள, தேவைப்படும்."

"என்னத்துக்கம்மா?"

"மூடுறதுக்கு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் பெட்டியைத் திரும்ப மேலே ஏற்ற எனக்குக் கை வரவில்லை. அன்றைக்குத் தொடங்கிய வேலை இரண்டு மாதம் ஓடியது. அதில் நான் விட்ட பிழைகளையும் சேர்த்து, புதிதாகத் தொடங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

தொடங்க முன்னர் ஒரு விஷயம். எங்கள் கிழக்கிலங்கை வீடுகளில் சாமான் சேருவதற்குக் காரணம் உண்டு, அதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பேரிடமும் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். ஆகவே அம்மம்மாவின் உரல், அம்மாவின் தையல் மெசின், மகளின் ரைஸ்குக்கர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகின்றன. வீடு மாறும்போது சாமான் தானாகக் குறையும் என்பார்கள். நாங்கள் வீடு மாறுவதே இல்லையே. மாறியபோதெல்லாம் ஓடித்தான் மாறினோம். 1978 நவம்பர் 23 சூறாவளியில் அம்மம்மாவின் கூரை போனது. 1990 யுத்தத்தில் கையில் கிடைத்த பையோடு நடந்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடற்கரைப் பக்கம் இருந்த பெரியம்மா வீட்டில் சீமெந்துத் தரை மட்டும்தான் மிஞ்சியது. இத்தனையும் பார்த்த ஒருவரிடம் போய் "இந்த வாளி எதுக்கு, எறியுங்க" என்றால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை மதித்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நாளும் நேரமும்

ஐப்பசி தொடக்கம் தை வரை இந்த வேலையில் இறங்க வேண்டாம். மாரி மழையில் வெளியே எடுத்த சாமான் நனையும், துணி நாறும், பழைய சாமான் எடுக்கிறவரும் வரமாட்டார். மாசியும் பங்குனியும்தான் தோது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் விறாந்தையில் பிரித்து வைத்த கடதாசி பக்கத்து வளவில் கிடக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் போதும். சோற்றுக்கு உலை வைத்துவிட்டுத் தொடங்குங்கள், கறி இறக்கும் நேரத்தில் நிறுத்துங்கள். முதல் நாளே முழு அறையையும் கொட்டிக் கிளறினால் பின்னேரம் கட்டிலில் படுக்க இடம் இருக்காது. அடுத்த நாள் வேலையே வெறுத்துவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. முதல் நாள் இரவு நான் படுத்தது விறாந்தையில்.

ஆகவே முதல் நாள் ஒரே ஒரு லாச்சி. மேசை லாச்சியோ குசினி லாச்சியோ, எதுவானாலும் சரி. முழுதாக வெளியே இழுத்து, ஒரு பழைய பேப்பரில் கவிழ்த்துவிடுங்கள். என்னுடைய லாச்சியில் இருந்தது: எந்தப் பூட்டுக்கு என்று தெரியாத பதினொரு திறப்பு, மை காய்ந்த பேனாக்கள், ஒரு பக்கம் ஊதிப்போன பற்றரி, ஒற்றைத் தோடு, பாதி எரிந்த மெழுகுதிரி நான்கு, யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடிக் கால். பதினொரு திறப்பையும் எடுத்துக்கொண்டு வீட்டுப் பூட்டுகள் ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் பிடித்தது, கோழிக்கூட்டுப் பூட்டுக்கு. மற்றப் பத்தையும் பழைய இரும்போடு போட்டபோது வந்த நிம்மதியை இப்போது சொன்னால் சிரிப்பீர்கள். அன்றைக்கு நான் அந்த லாச்சியை நான்கு தரம் சும்மா திறந்து பார்த்தேன்.

கையில் வேண்டியவை

மூன்று உரபேக் (உரம் வந்த வெறும் சாக்கு). ஒரு அட்டைப் பெட்டி. மார்க்கர் பேனா, டோர்ச், மூக்குக்கு ஒரு துணி, காலுக்குச் செருப்பு, முடிந்தால் றப்பர் கையுறை. கனகாலம் அசையாத பெட்டிக்குப் பின்னால் தேளும் பூரானும் இருக்கும். எலிப் புழுக்கையும் இருக்கும். எலிமூத்திரம் பட்ட இடத்தில் காயத்தோடு கைவைத்தால் எலிக்காய்ச்சல் வரலாம், அதனால் அந்த இடத்தை முதலில் குளோரின் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுத் துடையுங்கள். வரட்சியாகக் கூட்டினால் தூசி மூக்குக்குள்தான் போகும். கடைக்குப் போய்ப் புது பிளாஸ்டிக் பெட்டிகளும் ராக்கையும் வாங்கி வர நினைக்காதீர்கள். சாமானைக் குறைக்கப் போய்ச் சாமான் வாங்குகிற கதை அது.

மூன்று உரபேக்கிலும் எழுதுங்கள்: குப்பை, கொடுக்கிறது, விற்கிறது. அட்டைப் பெட்டியில் "யோசிக்கிறது" என்று எழுதி, பக்கத்தில் அன்றைய திகதியையும் போடுங்கள். ஒரு சாமானைக் கையில் எடுத்து இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசித்தால் அது அந்தப் பெட்டிக்குப் போக வேண்டும். அடுத்த வருடப்பிறப்பு வரை அந்தப் பெட்டியை யாரும் தேடித் திறக்காவிட்டால், அதில் இருப்பது வேண்டாதது என்று வீடே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். சொப்பிங் பேக்கில் மட்டும் எதையும் போடாதீர்கள். உள்ளே இருப்பது வெளியே தெரியும், தெரிந்தால் அம்மாமார் எடுத்துவிடுவார்கள். உரபேக்கின் வாயை உடனே கட்டிவிட வேண்டும்.

குசினி

லாச்சிக்கு அடுத்தது குசினி. அங்கே நெஞ்சைத் தொடும் சாமான் குறைவு, எண்ணிக்கை கூட. ஒரு பாயை விரித்து ஒரு ராக்கையில் உள்ளதை மட்டும் இறக்குங்கள்.

முதலில் மூடியும் பெட்டியும். ஒவ்வொரு மூடிக்கும் அதன் பெட்டியைத் தேடிச் சோடி சேருங்கள். சோடி சேராதவை வெளியே. மாஜரின் டப்பா, யோகட் கப், ஐஸ்கிறீம் பெட்டி எல்லாவற்றுக்கும் இதே சட்டம். உள்பக்கம் கீறல் விழுந்து, மஞ்சள் ஏறி, கழுவினாலும் மீன் மணம் போகாத பெட்டிகளைக் கொடுக்கிற பையில் போடாதீர்கள். குப்பைப் பையில் போடுங்கள்.

அடுத்தது கிளாஸ் செட். கலியாணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் வந்தவை, பெட்டியே பிரிக்காமல் ஆறு ஏழு இருக்கும். "யாருக்காவது பிரசென்ட் குடுக்கலாம்" என்று வைத்தவை. கொடுக்கலாம், ஆனால் உங்களுக்கு அதைத் தந்தவர் யார் என்று தெரியாவிட்டால் வேண்டாம். தந்தவருக்கே திரும்பிப் போன கதை எங்கள் ஒழுங்கையில் ஒன்று உண்டு. இன்னும் அந்த இரண்டு வீடும் பெரிதாகக் கதைப்பதில்லை.

பெரிய கிடாரம், அண்டா போன்றவற்றை வருடத்தில் எத்தனை தரம் எடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கலியாணத்துக்கும் திவசத்துக்கும் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் ஒரு விறகடுப்பும் ஒரு அரிக்கன் லாம்பும் வீட்டில் இருக்கட்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் காஸ் இல்லாமல் நின்றோம், மார்ச் கடைசி நாள் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஆகவே ஆபத்துக்கு என்று வைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆபத்துக்கு ஒரு லாம்பு போதும், எங்கள் வீட்டில் ஐந்து இருந்தது, இரண்டுக்குச் சிம்னியே இல்லை.

சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த நீல வாளி ஒன்றும் இருந்தது. அடி வெடித்து, அதைத் தந்த நிறுவனத்தின் அடையாளம் வெயிலில் மங்கிப்போய். அம்மா அதைக் கொடுக்க விடவில்லை. சரி என்று விட்டுவிட்டேன். இப்போது அதில் கற்றாழை நிற்கிறது. வெடித்த அடியால் தண்ணீர் தேங்காது, அதற்கு அதுவே நல்லது.

இனி பித்தளை. இதில் அவசரப்படாதீர்கள். எங்கள் ராக்கையின் கடைசி மூலையில் கறுத்துப்போன ஒரு வெற்றிலை வட்டா கிடந்தது. பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க ஓரத்தில் ஒரு எழுத்து தெரிந்தது. அம்மம்மாவின் பெயரின் முதலெழுத்து, ஆணியால் புள்ளி புள்ளியாகக் கொத்தியது. அந்தக் காலத்தில் கலியாண வீட்டுக்கு வட்டா இரவல் போகும், வேறு வீட்டு வட்டாவோடு மாறிப்போகாமல் இருக்க இப்படிக் கொத்துவார்கள். நல்லது ஒன்று வேண்டாதது இருபதுக்குள் ஒளிந்திருந்தது. இப்போது அது விறாந்தை மேசையில் இருக்கிறது, ஆட்கள் வந்தால் வெற்றிலையோடு போகிறது.

துணி

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். போன வருடம் முழுக்க உடுக்காதது, இறுக்கமானது, "மெலிஞ்சா போடலாம்" என்று வைத்தது: மூன்றும் கொடுக்கிற பைக்கு. கொடுக்க முன்னர் தோய்த்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுங்கள். பெரியம்மா வீட்டார் முகாமில் இருந்தபோது வந்த பொதி ஒன்றில் கம்பளிக் கோட்டு இருந்தது. மட்டக்களப்பு வெயிலில்! அதைப் பெரியப்பா கனகாலம் நாய்க்குப் படுக்கையாகப் போட்டிருந்தார். கொடுப்பவருக்குத்தான் இடம் கிடைத்தது, வாங்கியவருக்கு என்ன கிடைத்தது?

பழைய பருத்திச் சேலை மட்டும் விலக்கு. அதில் மெத்தென்று இருப்பதை இரண்டு எடுத்து வையுங்கள், யாராவது ஒரு வீட்டில் குழந்தைக்கு ஏணை (துணித் தொட்டில்) கட்டக் கேட்பார்கள். புதுத் துணி ஏணைக்குச் சரிவராது. கிழிந்த சாரம் துடைக்கிற துணிக்கு ஆகும், ஆனால் ஐந்து துண்டு போதும். பாடசாலை வெள்ளைச் சட்டை, சப்பாத்து, பை எல்லாவற்றையும் புதுத் தவணை தொடங்க முன்னர் கொடுத்துவிட வேண்டும். தவணை தொடங்கிய பிறகு கொடுத்தால், அவர்கள் கடனுக்கு வாங்கி முடித்திருப்பார்கள்.

கடதாசி: இதில்தான் நான் விழுந்தேன்

பழைய கொப்பிகள், பேப்பர், பயிற்சிப் புத்தகம் எல்லாவற்றையும் கயிற்றால் கட்டி, கிலோ கணக்கில் கொடுத்தேன். கை நிறையக் காசு இல்லை, ஆனால் ஒரு மூலை வெளித்தது. இரண்டு கிழமை கழித்து அம்மா கேட்டா: "அந்தக் கணக்குக் கொப்பிக்குள்ள என்ட கலியாண சேட்டிபிக்கட் இருந்திச்சே, எங்க?" கணக்குக் கொப்பி அதற்குள் எங்கேயோ கடையில் கடலை சுற்றிக்கொண்டிருந்திருக்கும். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம், எடுத்தோம். ஆனால் பதிவுத் திகதி சரியாகத் தெரியாமல் இரண்டு நாள் அலைந்தோம்.

ஆகவே எந்தக் கொப்பியையும் புத்தகத்தையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறிவிட்டுத்தான் கட்ட வேண்டும். காசு, படம், ரசீது, சேட்டிபிக்கட், எல்லாம் விழும். எங்கள் வீட்டில் பழைய இருபது ரூபாத் தாள் ஒன்றும் விழுந்தது.

வைத்திருக்க வேண்டியவை இவை: காணி உறுதி, அரச காணி என்றால் பெர்மிட் அல்லது அளிப்புப் பத்திரம், வரைபடம், பிறப்பு, விவாக, இறப்பு அத்தாட்சிகள், பரீட்சைப் பெறுபேறு, பாடசாலை விடுகைப் பத்திரம், வங்கிப் புத்தகம், நகை அடகு ரசீது, சேமலாப நிதிக் கடிதங்கள், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை. இவற்றோடு எங்கள் மாவட்டங்களில் இன்னும் ஒரு கட்டு இருக்கும். இடம்பெயர்ந்தபோது பதிந்த அட்டை, நிவாரணப் பதிவு, காணாமல் போனவரைப் பற்றிக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி. எவ்வளவு பழையதானாலும், எழுத்து மங்கினாலும், அந்தக் கட்டில் கை வைக்காதீர்கள். அது பழங்கடதாசி இல்லை.

இவற்றை ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூடி இறுகும் வாளி ஒன்றில் வைத்து, உயரத்தில் வையுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் எத்தனை வீடுகளில் அலுமாரியின் கீழ்த்தட்டு ஊறியது! ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். எங்கள் வீட்டுக் காணி உறுதியின் படம் கனடாவில் தம்பியின் போனில் இருக்கிறது.

கரண்ட் பில், தண்ணீர் பில் போன்றவற்றில் காசு கட்டித் தீர்ந்த பழையவை போகலாம். அடையாள அட்டை இலக்கம், கணக்கு இலக்கம் இருக்கும் தாள்களை மட்டும் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்து உரக்குழிக்குப் போடுங்கள்.

ஒருவர் இறந்து 31ஆம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலர்கள், கோவில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், ஊர்ச் சங்கத்தின் பழைய சஞ்சிகை: இவற்றைக் கிலோவுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு ஊரின் குடிவழியும் பெயர்களும் அதில்தான் இருக்கும். 2005 தொடக்கம் இலங்கைத் தமிழ் நூல்களையும் மலர்களையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில் இலவசமாக வைக்கிற நூலகம் என்ற அமைப்பு இருக்கிறது; அவர்களின் தளத்தில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இல்லாவிட்டால் கொடுக்கலாமா என்று கேளுங்கள். ராமபாணப் பூச்சி தின்ன முன்னர்.

படங்கள், அல்பம், கடிதம் எல்லாம் கடைசி. முதல் கிழமையே அல்பத்தைத் திறந்தால் அன்றைய வேலை அதோடு சரி. நான் திறந்தேன், அம்மாவும் வந்து இருந்தா, சோறு அடிப்பிடித்தது.

இரும்பும் உடைந்ததும்

பழைய இரும்பு, பித்தளை, போத்தல் எடுக்கிறவர் சைக்கிளிலோ சின்னப் பட்டா லொறியிலோ வருவார். அவர் வந்த பிறகு தேடி எடுக்காதீர்கள். அவர் அவசரத்தில் நிற்பார், நீங்கள் அவசரத்தில் நல்லதையும் கொடுத்துவிடுவீர்கள். முதலே வகை பிரித்து வையுங்கள்: இரும்பு தனி, அலுமினியம் தனி, பித்தளை தனி, செம்புக் கம்பி தனி. கலந்து கொடுத்தால் எல்லாம் இரும்பு விலைக்குத்தான் போகும். கிலோ என்ன விலை என்று தூக்க முன்னர் கேளுங்கள், தராசின் முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். வயரின் பிளாஸ்டிக்கை எரித்துச் செம்பு எடுக்க வேண்டாம், அந்தப் புகை நஞ்சு.

பழைய குண்டு டீவியை உடைக்காதீர்கள், கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. ரியூப் லைட், சிஎப்எல் பல்ப் உடைந்தால் யன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள், உள்ளே பாதரசம். "திருத்தலாம்" என்று வைத்திருக்கும் ஃபேன், அயன்பொக்ஸ், டெக் ஆகியவற்றுக்கு ஒரு தவணை கொடுங்கள்: இந்த மாத முடிவுக்குள் திருத்தக் கொண்டுபோகாவிட்டால் போக வேண்டியதுதான். எங்கள் டெக் திருத்தக் காத்திருந்த காலத்தில் அதில் போடுகிற கெசட்டுகள் எல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டன.

காலாவதியான மருந்தை வாவியிலோ கழிப்பறையிலோ கொட்டாதீர்கள். குளிசைகளை அட்டையிலிருந்து பிரித்து, வடித்த தேயிலைச் சக்கையோடு கலந்து, ஒரு பையில் கட்டிக் குப்பையோடு போடுங்கள். பிள்ளைகளோ ஆடுகளோ எடுத்துத் தின்னாமல் இருக்கத்தான் அந்தச் சக்கை.

எரிக்க வேண்டாம், வாவிக் கரையிலும் வேண்டாம்

மூன்று உரபேக் நிரம்பியதும் வருகிற முதல் யோசனை, வளவின் மூலையில் போட்டு நெருப்பு வைப்பது. பிளாஸ்டிக் சேர்ந்த குப்பையை வெளியில் எரிப்பது 2017 செப்டம்பர் முதல் நாட்டில் தடை. பொலித்தீன் புகை நேரே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தொட்டிலுக்குத்தான் போகும். இரண்டாவது யோசனை, இருட்டியதும் வாவிக் கரையில் கொண்டுபோய்ப் போடுவது. 56 கிலோமீற்றர் நீளமான வாவி என்று வெளியூர்க்காரர்களுக்குப் பெருமையாகச் சொல்கிறோம், அதே கையால்தான் கரையில் பம்பர்ஸ் எறிகிறோம்.

குப்பைக்குப் போனால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்தில் ஒரு திறந்த குப்பைமேடு. காட்டு யானைகள் வந்து சாப்பாட்டு மணத்துக்குப் பொலித்தீனையும் சேர்த்துத் தின்றன. 2022 ஜனவரியில் வந்த செய்திகளின்படி அதற்கு முந்திய எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று செத்திருந்தன. அதைப் படித்த பிறகு நான் செய்வது ஒன்று: சாப்பாட்டுக் கழிவு பட்ட பொலித்தீனைக் கழுவிக் காயவைத்துத்தான் உக்காத குப்பையில் போடுகிறேன். உக்குவதை வளவிலேயே குழி வெட்டிப் போடுகிறேன், முருங்கைக்கு நல்லது. மாநகர சபையோ பிரதேச சபையோ உங்கள் ஒழுங்கைக்கு எந்த நாள் எந்தக் குப்பை எடுக்க வருகிறது என்று கேட்டு, அதற்கு முதல் நாள் பின்னேரம் கழிக்கிற வேலையை வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய பை வீட்டில் ஒரு கிழமை கிடந்தால் ஓட்டை விழும், ஓட்டை வழியே சாமான் திரும்பி வரும். எப்படி வரும் என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

வளவு

வீட்டுக்குள் கழித்ததை வெளியே அடுக்கி வைப்பவர்கள் நிறையப் பேர். கிணற்றடியில் டயர், மதிலோரம் உடைந்த சட்டி, சிரட்டை, பூச்சாடி. மழை பெய்தால் இவை எல்லாம் டெங்கு நுளம்பின் வீடு. முட்டையிலிருந்து நுளம்பு பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் முடியாது. முட்டை ஓரத்தில் ஒட்டியிருந்து, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே வைக்க வேண்டிய பாத்திரத்தின் உட்சுவரைத் தும்பால் உரசிக் கழுவுங்கள். கூரைப் பீலியையும் பிரிட்ஜின் பின்பக்கத் தட்டையும் மறக்கக் கூடாது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக விடுவது குற்றம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வழக்கும் வரலாம்.

தொட்டு யோசிக்க வேண்டியவை

சாமி படங்கள். வருடா வருடம் கலண்டரில் வரும் முருகனையும் பிள்ளையாரையும் குப்பையில் போட மனம் வராது, கொண்டுபோய் அரசமரத்தடியில் வைத்துவிடுகிறோம். மழையில் சட்டம் உக்கி, கண்ணாடி உடைந்து, கோவிலுக்கு வருகிற பிள்ளைகளின் காலில் ஏறுகிறது. கண்ணாடியையும் சட்டத்தையும் கழற்றிவிட்டு, படத்தை மட்டும் வளவில் காலடி படாத இடத்தில் புதையுங்கள். காத்தான்குடியில் இருக்கும் என் கூட்டாளி வீட்டில் பழுதான குர்ஆன் பிரதிகளை அப்படித்தான் சுத்தமான, மிதிபடாத இடத்தில் அடக்குவார்கள். தேவாலயத்தில் ஆசீர்வதித்த பொருட்களையும் புதைக்கிற வழக்கம் உண்டு.

அந்தக் காத்தான்குடிக் கூட்டாளி வீட்டில் நோன்புக்கு முன்னர்தான் பெரிய துப்புரவு. வீட்டுக்கு வருகிற எவரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டாள். நான் போனபோது ஒரு இடியப்ப உரலை என் கையில் வைத்தாள். "எனக்குட்ட மூணு கெடக்கு, நீங்க எடுத்துட்டுப் போங்க" என்றாள். எனக்கும் வீட்டில் இரண்டு இருக்கிறதென்று சொல்லி ஓடிவந்தேன்.

இறந்தவரின் உடுப்பு, பாவித்த பொருள். இதற்குத் தவணை கிடையாது. வீட்டில் அவருக்கு ஆக நெருங்கியவர் "இனிக் குடுக்கலாம்" என்று வாய் திறந்து சொல்லும் வரை அலுமாரியின் அந்தத் தட்டு அப்படியே இருக்கட்டும். காணாமல் போன ஒருவரின் சேட்டு மடித்தபடி இருக்கும் வீடு என்றால் அந்தத் தட்டைத் துடைக்கவும் கேட்டுவிட்டுத் துடையுங்கள்.

அம்மாவோடு சண்டை வராமல்

மற்றவரின் சாமானை அவர் இல்லாத நேரம் கழிக்காதீர்கள். இது ஒன்றுதான் நான் கட்டளையாகச் சொல்வது. உங்களுடைய சாமானில் தொடங்குங்கள், அவர்கள் பார்க்கும்படி செய்யுங்கள். நான் என்னுடைய பல்கலைக்கழகக் குறிப்புகளைக் கட்டி வாசலில் வைத்த நாளில்தான் அம்மா தானாக வந்து ஒரு பெட்டியைத் திறந்தா. "இது வேணுமா?" என்று கேட்டால் "வேணும்" என்றுதான் பதில் வரும். "இந்த நாலிலயும் எது நல்லதும்மா?" என்று கேளுங்கள். அவர் ஒன்றை எடுப்பார், மற்ற மூன்றும் போக வழி பிறக்கும். யாருக்குப் போகிறது என்று தெரிந்தால் இன்னும் சுலபம். மேல்வீட்டு மாமியின் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்றதும், பத்து வருடமாகத் தொடவிடாத சேலைப் பெட்டி ஐந்து நிமிடத்தில் திறந்தது.

எங்கள் நடு அறையில் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் பெட்டிகள் கூரை வரை இருந்தன. கடைசிப் பெட்டியை இழுத்தபோது பின்னால் ஒரு யன்னல். அங்கே யன்னல் இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். பிணைச்சல் துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, அரை மணித்தியாலம் காத்திருந்து, சுத்தியலால் மெல்லத் தட்டித் திறந்தேன். கடற்காற்று நேரே உள்ளே வந்தது. தரையில் பெட்டி இருந்த அளவுக்குச் சீமெந்தின் நிறம் வேறாக, புதிதாகப் போட்டது போல இருந்தது. மத்தியானம் அம்மா ஒரு பன்பாயைக் கொண்டுவந்து சரியாக அந்த இடத்தில் விரித்துப் படுத்தா. இப்போதும் அங்கேதான் படுக்கிறா.

இருபத்து மூன்று மூடியில் மூன்றை மட்டும் எடுத்து வைத்திருக்கிறா. எதை மூட என்று நான் கேட்கவில்லை.